மிளகாய்ப் பூ எந்த இடத்தில் கழல்கிறது

சென்னையில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் காலையில் துடைப்பத்தோடு மாடிக்குப் போனால், மிளகாய்த் தொட்டிகளைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும் வெள்ளைப் பூக்கள்தாம் முதலில் கண்ணில் படுகின்றன. செடி பச்சையாகவே இருக்கிறது, இலையில் குறை தெரியவில்லை, நுனிதோறும் மொட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஆனால் காய் மட்டும் நிற்பதில்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, என்ன தெளிக்கலாம் என்பதுதான். தெளிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கீழே கிடக்கும் பூக்களில் நான்கைந்தைப் பொறுக்கி எடுத்து, காம்பு இருக்கிறதா, இருந்தால் அதன் அடிமுனை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செடிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி அந்த முனை சொல்லும் அளவுக்கு இலைகூடச் சொல்வதில்லை என்பது பல ஆண்டுகள் மாடியில் மிளகாய் வளர்த்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து.

விழுந்து கிடப்பது காம்பு இல்லாத வெறும் இதழ் வளையமாக, நடுவில் துளையோடும், காய்ந்த மகரந்தப் பைகள் சில ஒட்டிக்கொண்டும் இருந்தால், அங்கே இழப்பு எதுவும் நேரவில்லை. கருவுற்ற பின் இதழ்களின் அடி வாடிவிடுகிறது. உள்ளே பருத்து வரும் பிஞ்சு அந்த வளையத்தைத் தள்ளிவிடுகிறது. செடியில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தால், பச்சைக் காம்பின் நுனியில், புல்லி வட்டத்துக்குள், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பிஞ்சு பளபளவென்று இருக்கும். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் இதையும் பூ உதிர்வு என்றே எண்ணி மருந்துக் கடைக்குப் போகிறார்கள். விழுந்தது பூவும் காம்பும் சேர்ந்ததாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது காம்பு தண்டோடு சேரும் கணுவில் பிரிவு நடந்திருக்கிறது. பெரும்பாலும் அந்தக் காம்பு விழுவதற்கு ஓரிரு நாள் முன்பே வெளிறி மஞ்சளாகியிருக்கும்; முனையோ கத்தியால் நறுக்கியதுபோல் வட்டமாக, நார் எதுவும் இழுபடாமல் இருக்கும். தண்டில் அதற்கு ஈடான சிறு வடு தெரியும்.

தக்காளி வளர்த்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். தக்காளியில் காம்பின் நடுப்பகுதியில் முழங்கை மடிந்ததுபோல் ஒரு புடைப்பு இருக்கும். பூ உதிர்ந்தாலும் பழத்தை ஒடித்தாலும் பிரிவு அங்கேதான். மிளகாயும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் அதன் காம்பில் அப்படி நடு மூட்டு கிடையாது. காம்பு முழுவதையும் இழப்பதே மிளகாயின் வழக்கம். இதனால்தான் பச்சை மிளகாயை எப்போதும் காம்போடு பறிக்கிறோம்: காயைப் பிடித்து, அது தொங்கும் திசைக்கு எதிராக மேல்நோக்கி மெல்ல மடக்கினால் காம்பு அடிக்கணுவில் சுலபமாகப் பிரிந்துவிடுகிறது. கீழே இழுத்துப் பறிப்பவர்கள் கையில் காயோடு கிளையும் கிழிந்து வருகிறது.

தமிழில் உதிர்தல், கொட்டுதல், முறிதல், கிழிதல், கழலுதல் என்று தனித்தனிச் சொற்கள் இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. பழந்தமிழில் உதிர்ந்த பூவுக்கு வீ என்று தனிப் பெயரே இருந்தது. காற்றடித்துக் கிளை முறிவதும், கையால் இழுத்துக் கிழிவதும் செடிக்கு வெளியிலிருந்து நேர்பவை. கை மெலிந்து வளையல் கழல்வதற்கு வெளியாள் தேவையில்லை. பிடிப்பு தளர்ந்தால் போதும். மிளகாய்ப் பூ விழுவதும் அவ்வாறே. பூ தன் கனத்தால் விழுவதாகவோ காற்று அதைத் தள்ளிவிடுவதாகவோ தோன்றினாலும், செடி அதற்கு முன்பே அந்தக் கணுவில் பிடிப்பைத் தளர்த்தி முடித்திருக்கிறது. காற்றும் கனமும் கடைசியில் வந்து சேருபவை.

அந்தக் கணுவுக்குள் நடப்பது நுட்பமான வேலை. காம்பின் அடியில், பூ மொட்டாக இருக்கும்போதே, குறுக்குவாட்டில் சில அடுக்குச் செல்கள் மற்றவற்றைவிடச் சிறியவையாக, நெருக்கமாக அமைந்துவிடுகின்றன. தாவரவியல் பாடநூல்கள் இதை உதிர்தல் அடுக்கு என்கின்றன. காய் கடைசிவரை நின்றாலும் இந்த அடுக்கு அங்கேயே இருக்கும். அதாவது ஒவ்வொரு பூவும் விழுவதற்கான ஏற்பாட்டோடுதான் பிறக்கிறது. விழவேண்டும் என்ற நிலை வந்ததும் இந்தச் செல்கள் இரண்டு வகை நொதிகளைச் சுரக்கின்றன. ஒன்று செல்லுலோஸை நெகிழவைக்கிறது. மற்றொன்று, செல்லோடு செல்லை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் பசையைக் கரைக்கிறது. செங்கற்கள் முழுதாக இருக்க, இடையில் உள்ள பூச்சு மட்டும் கரைந்தால் சுவர் எப்படி வரிசையாகப் பிரியுமோ அப்படிச் செல்கள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. முனை வழவழப்பாக இருப்பதன் காரணம் இதுதான். அதே நேரத்தில் தண்டின் பக்கம் எஞ்சும் செல்களில் லிக்னினும் தக்கைப் பொருளும் படிந்து, வடு காய்வதற்குள்ளாகவே ஒரு மூடி உருவாகிவிடுகிறது. நீர் கசிவதில்லை, பூஞ்சைக்கு வாசல் கிடைப்பதில்லை.

எப்போது இந்த வேலையைத் தொடங்குவது என்பதை இரண்டு ஹார்மோன்களுக்கு இடையிலான இழுபறி முடிவு செய்கிறது. பூவும், அதைவிடப் பிஞ்சும், பிஞ்சுக்குள் வளரும் விதைகளும் ஆக்சின் என்ற ஹார்மோனை உண்டாக்கிக் காம்பு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஓட்டம் நிற்காத வரை உதிர்தல் அடுக்கு உறங்கிக் கிடக்கும். ஓட்டம் குறைந்ததும், வாயு வடிவில் இருக்கும் எத்திலின் என்ற மற்றொரு ஹார்மோனின் சொல்லை அந்தச் செல்கள் கேட்கத் தொடங்குகின்றன, நொதிகள் சுரக்கின்றன. ஆக்சின் இருக்கும்போது எத்திலின் வந்தாலும் பெரிய பாதிப்பு இராது. ஆக்சின் வற்றியபின் சிறிதளவு எத்திலினே போதும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விரிந்த பூ ஒன்றைக் காம்பின் நுனியில் நகத்தால் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் செடியில் விட்டுவைத்தால், காயமே படாத அடிக்கணுவில் சில நாட்களில் அந்தக் காம்பு மஞ்சளாகிக் கழன்று விழும். கிள்ளிய முனையில் ஆக்சின் கலந்த பசையைத் தடவினால் காம்பு விழாமல் நிற்கும். இலைக்காம்புகளைக் கொண்டு இத்தகைய சோதனையை லாரூ என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1936-இல் செய்து காட்டினார்.

எத்திலினின் கதை அதற்கும் முந்தியது. நிலக்கரி வாயுவால் தெருவிளக்கு எரிந்த காலத்தில், குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் பருவமில்லாத பருவத்தில் இலை கொட்டுவதை ஐரோப்பிய நகரங்களில் கவனித்தார்கள். அந்த விளக்கு வாயுவில் செடியைப் பாதிக்கும் பொருள் எத்திலின்தான் என்பதை 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பட்டாணி நாற்றுகளை ஆராய்ந்த டிமித்ரி நெலுபோவ் என்ற மாணவர் கண்டுபிடித்தார். பின்னர் 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஆடிகாட் என்ற தாவரவியலாளரின் குழுவினர், உதிரும் பருத்திக் காய்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதுவே உதிர்வுக்குக் காரணம் என்று கருதினர். உதிர்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை வைத்தே அதற்கு அப்சிசிக் அமிலம் என்ற பெயர் நிலைத்தது. பிற்கால ஆய்வுகளில் அதன் முதன்மையான வேலை வறட்சிக் காலத்தில் இலைத்துளைகளை மூடுவதும் விதையை உறங்கவைப்பதும் என்று தெரியவந்தது; உதிர்தலில் நேரடிப் பங்கு பெரும்பாலும் எத்திலினுக்கே உரியது. பெயரை மட்டும் படித்துவிட்டு அப்சிசிக் அமிலத்தைப் பூ உதிர்வின் தலைமைக் காரணமாகச் சொல்பவர்கள் இன்றும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக, ஆக்சின் ஏன் வற்றுகிறது என்பதே உண்மையான கேள்வி. சென்னையைப் பொறுத்தவரை முதல் விடை வெப்பம். அதிலும், பலர் நினைப்பதுபோல் பகல் வெயில் மட்டும் என்று நிறுத்திக்கொள்ள முடியாது. மிளகாயின் மகரந்தம் உருவாகும் கட்டம், பூ விரிவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, மொட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போது வருகிறது. அந்த நாட்களில் வெப்பம் 33 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்தால் மகரந்தம் மலடாகிறது. பூ வழக்கம்போல் விரியும்; வெண்மையும் அழகும் குறையாது; ஆனால் சூல் கருவுறாது, விதை இல்லை, ஆக்சின் இல்லை, சில நாட்களில் காம்பு கழன்றுவிடும். கத்திரி வெயில் முடிந்து ஒரு மழை பெய்து குளிர்ந்த பிறகும் பத்துப் பதினைந்து நாள் பூ கொட்டிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம். இன்று விழும் பூ, இரண்டு வாரத்துக்கு முந்திய வெயிலின் கணக்கைத் தீர்க்கிறது. நேற்று என்ன செய்தோம் என்று யோசிப்பதில் பயன் இல்லை.

இரவின் பங்கு இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. பகலில் இலை சேர்த்த சர்க்கரையை இரவில் செடி மூச்சுவிடுவதற்குச் செலவிடுகிறது. இரவு எவ்வளவு வெப்பமோ அவ்வளவு செலவு. பூவுக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கு அதில் கரைந்துவிடுகிறது. குடைமிளகாய்க்கு இரவு வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினாலே காய்ப்பிடிப்பு விழுகிறது. காரமிளகாய் அதைவிடச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். சென்னையின் இரவுகளைப் பார்த்தால், சராசரிக் குறைந்தபட்ச வெப்பம் மார்ச் மாதத்தில் 24 டிகிரியை எட்டி, மே மாதத்தில் 28 டிகிரி வரை ஏறி, மீண்டும் 24-க்குக் கீழே இறங்குவது நவம்பரில்தான். நான்கு மாதங்கள் மட்டுமே செடிக்கு வசதியான இரவு கிடைக்கிறது. ஓசூரிலும் ஊட்டியிலும் கொத்தாகக் காய்க்கும் குடைமிளகாய் வேளச்சேரி மாடியில் பூவோடு நின்றுவிடுவதற்கு உரக்குறையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது வீண்.

மாடி என்பது இந்த இரவை இன்னும் மோசமாக்குகிறது. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறும் நாட்களில் செடிகள் தப்பிக்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில்தான் நகரம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி வரை போனதும் அப்படிப்பட்ட நாட்களில்தான். தொட்டியைத் தளத்தில் நேரே வைக்காமல் இரும்புச் சட்டத்திலோ செங்கல் மேலோ உயர்த்தி வைப்பதும், தொட்டிகளுக்கு இடையே காற்றுப் போக இடம் விடுவதும், தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் எந்தத் தெளிப்பு மருந்தையும்விட அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. கறுப்பு வளர்ப்புப் பைகளின் வெளிப்புறத்தைப் பழைய வெள்ளைத் துணியால் சுற்றியதற்குப் பிறகு எங்கள் மாடியில் வேர்ப்பகுதி தொடச் சுடாமல் இருந்தது.

பச்சை நிழல்வலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெயிலுக்கு அஞ்சி, 50 விழுக்காடு நிழல் தரும் வலையை ஆண்டு முழுவதும் கட்டிவைத்திருக்கும் மாடிகள் நகரத்தில் ஏராளம். கீரைக்கு அது நல்லது. மிளகாய்க்கு வெளிச்சக் குறைவும் பூ உதிர்வுக்குத் தனிக் காரணம்: சர்க்கரை உற்பத்தி குறைய, பூவில் எத்திலின் கூடுகிறது. கோடையில் நண்பகலுக்கு மட்டும் மெல்லிய வலை, ஐப்பசிக்குப் பிறகு வலையே வேண்டாம் என்பதுதான் சரியான ஏற்பாடு.

வெப்பமும் வெளிச்சமும் சரியாக இருக்கும் மார்கழி, தை மாதங்களிலும் பூ உதிர்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உதிர்வைக் கண்டு வருந்தத் தேவையில்லை. மிளகாய்ச் செடி தாங்கக்கூடிய காய்களின் எண்ணிக்கைக்கு மேலாகவே பூக்கும். முதலில் பிடித்த காய்கள் வேகமாகப் பருக்கும் நாட்களில் சர்க்கரையின் பெரும்பங்கு அவற்றுக்கே போகிறது. அவை கீழே அனுப்பும் ஆக்சின் ஓட்டமும் வலுவாக இருக்கிறது. பின்னால் விரியும் பூக்கள் பசியில் நின்று, கருவுற்றிருந்தால்கூட, விரிந்து இரண்டு வாரத்துக்குள் கழன்றுவிடுகின்றன. காய்கள் முற்றியோ பறிக்கப்பட்டோ இடம் காலியானதும் அடுத்த ஈடு பூக்கள் பிடிக்கின்றன. ஈடு ஈடாகக் காய்ப்பதும் இடையில் வெறுமையாக நிற்பதும் இந்தக் கணக்கால்தான். நெதர்லாந்தில் கண்ணாடிக் கூடங்களில் குடைமிளகாய் வளர்ப்பவர்களுக்கு இது சந்தை விலையையே ஆட்டிவைக்கும் சிக்கல் என்பதால் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: காயைப் பச்சையாகவே அடிக்கடி பறிக்க வேண்டும். பழுக்கட்டும் என்று ஐந்தாறு காயை விட்டுவைத்தால், அந்த ஐந்தாறும் பத்து இருபது பூக்களின் பங்கைச் சாப்பிடும். செடி இளமையாக இருக்கும்போது முதல் கவட்டையில் வரும் பூவைக் கிள்ளிவிடும் பழக்கத்துக்கும் இதே காரணம்தான். அந்த ஒரு காய் நின்றால் மேலே கிளைப்பது தடைப்படும்.

மழைக்காலத்து உதிர்வு வேறு வழியாக வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விட்ட மூன்றாம் நாள், வடிகால் துளை அடைத்துக்கொண்டிருந்த எங்கள் தொட்டிகளில் மட்டும் பூவும் பிஞ்சும் காம்போடு கொட்டியிருந்தன. நீர் வடிந்த தொட்டிகளில் அப்படி இல்லை. நீரில் மூழ்கிய வேரில் நடப்பதைத் தக்காளியில் ஆராய்ந்து 1980-இல் பிராட்ஃபோர்ட், யாங் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எத்திலினுக்கு முந்திய நிலையில் ஏ.சி.சி. என்ற பொருள் உண்டாகிறது. அது எத்திலினாக மாற ஆக்சிஜன் வேண்டும். மூழ்கிய வேரில் ஆக்சிஜன் இல்லை. எனவே அந்தப் பொருள் சாற்றோடு மேலே ஏறி, காற்றுள்ள தண்டிலும் இலையிலும் எத்திலினாக மாறுகிறது. வேரில் நேர்ந்த மூச்சுத் திணறலின் விளைவு மேலே தெரிவது இப்படித்தான். எதிர்த் திசையில், தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகள் கோடையில் ஒரே பகலில் காய்ந்துவிடுவதும் பூவை உதிர்க்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று அளவாக ஊற்றுவதே வழி. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் செடி இலையாகவே வளர்ந்து பூவைக் கைவிடும்.

இதுவரை சொன்ன எல்லா உதிர்விலும் காம்பின் முனை தூய்மையாக இருக்கும். அப்படி இல்லாதபோதுதான் நோயையும் பூச்சியையும் தேட வேண்டும். பூ கருகி, காம்பு சுருங்கிக் காய்ந்து, கழலாமல் செடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அது நுனிக்கருகல் நோயாக இருக்கலாம். கொலட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சை பூவில் தொடங்கிக் காம்பு வழியாகத் தண்டுக்கு இறங்குகிறது. கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். உதிர்தல் அடுக்கு வேலை செய்து காம்பை விடுவித்திருந்தால் பூஞ்சையின் பாதை அங்கேயே துண்டிக்கப்பட்டிருக்கும். பூ உதிர்வது செடிக்குக் காப்பாகவும் இருக்கிறது என்பதை இந்த நோயைப் பார்த்தவர்கள் உணர்வார்கள். காய்ந்த பகுதிக்குக் கீழே பச்சைத் தண்டில் வெட்டி அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை. மற்றொன்று பூவுக்குள்ளேயே குடியிருக்கும் கருப்பு இலைப்பேன். த்ரிப்ஸ் பார்விஸ்பினஸ் என்ற இந்த அயல் இனம் 2021-இன் இறுதியில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய் வயல்களைப் பெரிய அளவில் அழித்தது. பூவை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் மெல்லிய கறுப்புக் கீற்றுகள் ஓடும், அதுவே அடையாளம். நீலநிற ஒட்டும் அட்டைகளைத் தொங்கவிடுவதும், விழுந்த பூக்களைத் தொட்டியிலேயே மக்கவிடாமல் அகற்றுவதும் உதவும், ஏனென்றால் இலைப்பேனின் கூட்டுப்புழுப் பருவம் மண்ணில்தான் கழிகிறது.

இனி, என்ன தெளிக்கலாம் என்ற கேள்விக்கு வரலாம். வேளாண் துறையினர் மிளகாய்க்குப் பரிந்துரைப்பது நாப்தலின் அசிட்டிக் அமிலம். பிளானோபிக்ஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. இது செயற்கை ஆக்சின். பூ அனுப்பத் தவறிய செய்தியை வெளியிலிருந்து நாம் அனுப்புகிறோம், அவ்வளவுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு பத்து இலட்சத்துக்கு 10 பங்கு. நட்ட 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் தெளிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 4.5 விழுக்காட்டுக் கரைசலில் 1 மில்லி லிட்டரை ஏறக்குறைய 4.5 லிட்டர் நீரில் கலந்தால் அந்த அளவு வரும். இதில் அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைப்பது ஆபத்து. ஆக்சின் மிகுந்தால் செடி எத்திலினைச் சுரக்கத் தொடங்கும். காயைக் காக்க வந்த மருந்தே காயை உதிர்க்கும். இதே பொருளை ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சுகளைக் கலைப்பதற்கும், வேறு பருவத்தில் பழம் உதிராமல் நிறுத்துவதற்கும் பயன்படுத்துகிறார்கள் என்பது அளவும் காலமும் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும். மூன்று தொட்டி வைத்திருப்பவர் மூடியில் குத்துமதிப்பாக ஊற்றிக் கலக்குவதைவிடத் தெளிக்காமல் இருப்பதே நல்லது; வேண்டுமென்றால் மருந்துக் கடையில் ஊசிக்குழல் ஒன்று வாங்கி அளந்து கலக்கட்டும்.

இயற்கை வழியில் பயிர் செய்பவர்கள் தேங்காய்ப் பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசலைத் தெளிக்கிறார்கள். அந்தக் கரைசல் மேல் எனக்கு மதிப்பு உண்டு, நானும் தெளித்திருக்கிறேன். ஆனால் வெயிலில் மகரந்தம் மலடாகிப்போன பூவில் எந்தக் கரைசலும் விதை பிடிக்கவைக்காது. மே மாதத்துச் சென்னையில் பூ கொட்டுவதைப் பார்த்து வாரம் மும்முறை தெளிப்பவர்கள், தம் உழைப்பையும் செடியின் வலுவையும் வீணாக்குகிறார்கள். அந்த மாதத்தில் செடியை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்து, பூவை எதிர்பார்க்காமல், வேரைக் குளிர்ச்சியாக வைத்து, ஆடி வரை உயிரோடு காப்பாற்றினால் போதும்.

புதிதாக விதைப்பவர்கள் ஆவணி நடுவில் விதைத்தால், நாற்று நாற்பது நாளில் நடவுக்கு வரும். ஐப்பசி மழையில் செடி வேர்பிடித்து, கார்த்திகையில் முதல் பூ விரியும்போது இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும். கார்த்திகை முதல் மாசி வரை கிடைக்கும் காய்ப்பை வேறு எந்தக் காலத்திலும் சென்னையில் எதிர்பார்க்க முடியாது. இராமநாதபுரத்துச் சம்சாரிகள் மானாவாரி முண்டு மிளகாயைப் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பதிலும் இந்தக் கணக்கு அமைந்திருக்கிறது. மழைக்காக விதைக்கிறார்கள் என்பது உண்மைதான். கூடவே பூ விரிவது குளிர்ந்த இரவுகளில் வந்து சேர்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த முண்டு வற்றலைக் கடையில் வாங்கும்போது கவனித்தால், காய்ந்து சிவந்த பிறகும் காம்பும் புல்லியும் காயோடு இறுகப் பிடித்திருக்கும். மோர் மிளகாய் போடும்போதும் காம்பை நீக்காமல் காயை மட்டும் கீறுகிறோம்.

இந்தப் பிடிப்பு மனிதர் தேர்ந்தெடுத்து உண்டாக்கியது. மிளகாயின் தாயகமான மெக்சிகோவில் காட்டு மிளகாய் பழுத்ததும் இதழ் வளையம் கழல்வது, காம்பு அடிக்கணுவில் கழல்வது ஆகிய இரண்டும் போக, புல்லி வட்டத்துக்கும் பழத்துக்கும் இடையே மூன்றாவதாக ஒரு பிரிவு நடக்கிறது. பழம் மெத்தென்று நெகிழ்ந்து, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. எஸ் என்று குறிக்கப்படும் ஒரே மரபணு இந்த நெகிழ்ச்சியையும் கழலுதலையும் ஒருசேர ஆள்கிறது. பூக்காம்பில் பெக்டினைக் கரைக்கும் நொதி வகைக்கே அதுவும் தொடர்புடையது. பறவைகளுக்கு இந்தக் கழலுதல் வசதி. மிளகாயின் காரம் அவற்றுக்கு உறைப்பதும் இல்லை, அவற்றின் நரம்புகளில் உள்ள ஏற்பி அந்தக் காரப்பொருளுக்கு அசைவதில்லை என்பது 2002-இல் உறுதியானது. பறவைக்கு முன் தாங்கள் பறிக்க விரும்பிய மனிதர்கள், கழலாத காய்களையே தலைமுறை தலைமுறையாக விதைக்கு எடுத்தார்கள். நம் சமையலறைக்கு வரும் வகைகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

கன்னியாகுமரிப் பக்கத்துக் காந்தாரி மிளகாய் பழைய இயல்பை இன்னும் வைத்திருக்கிறது. வானம் பார்த்து நிற்கும் அந்தச் சிறு பழங்கள் சிவந்ததும் சின்னான்கள் வந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போகின்றன. எங்கள் மாடியில் ஒரு காந்தாரிச் செடி இருக்கிறது. பறவை போனபின் பார்த்தால் பழம் இருந்த இடத்தில் குழிந்த புல்லிக் கிண்ணமும் பச்சைக் காம்பும் மட்டும் நின்றுகொண்டிருக்கும். விதை போய்விட்டது, ஆக்சின் அனுப்ப ஆளில்லை. நாலைந்து நாளில் அந்தக் காம்பும் அடிக்கணுவில் மஞ்சளாகி, மே மாதத்துப் பூக்கள் கழன்ற அதே இடத்தில், அதே வழவழப்பான முனையோடு தொட்டி மண்ணில் விழுந்து கிடக்கிறது.